லிட்டில் லீக் விதிப்புத்தகம்: ரன்னர் விஷயத்தில் அம்பயருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

அமெரிக்காவில் பிள்ளைகளை லிட்டில் லீக் பேஸ்பாலில் சேர்த்துவிட்ட பெற்றோரில் சிலருக்கு இரண்டாவது சீசனிலேயே அம்பயர் வேலையும் வந்து சேர்ந்துவிடும். அந்த அமைப்பே தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆகஸ்ட் மாதம் பென்சில்வேனியாவில் நடக்கும் உலகத் தொடரில் நிற்கும் அம்பயர்கள்கூட சம்பளம் வாங்காதவர்கள்தான். அப்படி ஒப்புக்கொள்பவர் முதலில் தேடுவது ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்து வெளியிடப்படும் விதிப்புத்தகத்தை. புத்தகமாகவும் இருக்கிறது, போனில் செயலியாகவும் இருக்கிறது. இந்த மதிப்புரை அதன் ஒரு பகுதிக்கு மட்டும்: அடித்துவிட்டு வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் ஓடும் பிள்ளைகளைப் (ரன்னர்களை) பற்றித் தீர்ப்புச் சொல்ல அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பது. வீசிய பந்தைப் பற்றிய பால், ஸ்ட்ரைக் சமாச்சாரம் தனிக் கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விதி என்ன என்று தெரிந்துகொள்ள இது நல்ல புத்தகம். ஓரிரு இடங்களில் பெரியவர்களின் தொழில்முறை மேஜர் லீக் விதிகளைவிடத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது வாயைத் திறப்பது என்பதில் இது துணைக்கு வராது. ரன்னர் விஷயத்தில் புது அம்பயர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே புத்தகத்தை வாங்குங்கள், படியுங்கள். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு மைதானத்தில் இறங்காதீர்கள்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். மேஜர் லீக் விதிகளின் வரிசை எண்கள் 2015-இல் முழுவதுமாக மாற்றி அமைக்கப்பட்டன. லிட்டில் லீக் பழைய எண்களையே வைத்துக்கொண்டது. இணையத்தில் யாரோ '5.09' என்று எழுதியதைப் படித்துவிட்டு இந்தப் புத்தகத்தில் தேடினால் வேறு விஷயம்தான் கிடைக்கும். இங்கே ரன்னர் பற்றியதெல்லாம் 7-ஆம் விதியில். பேட்டர் ரன்னராக மாறும் இடங்கள் 6-இல். சொற்களுக்கான வரையறை 2-இல், அம்பயரின் அதிகாரம் 9-இல். படிக்கும் வரிசையும் இதுவாக இருக்கக் கூடாது: 2-ஐ முதலில் படித்துவிட்டு 7-க்குப் போங்கள். டேக் (பந்தோடு ரன்னரையோ பேஸையோ தொடுவது), ஃபோர்ஸ் பிளே (பின்னால் வருபவருக்கு இடம் விட ரன்னர் முன்னேறியே ஆக வேண்டிய நிலை), அப்ஸ்ட்ரக்ஷன் (பீல்டர் ரன்னரின் வழியை மறிப்பது) ஆகியவற்றின் வரையறை மனதில் இல்லாமல் 7-ஐப் படித்தால் பாதி வாக்கியங்கள் தப்பாகவே புரியும்.

சீக்கிரமாகக் காலெடுத்த ரன்னர்

இந்தப் புத்தகத்துக்கே உரிய விதி 7.13. லிட்டில் லீக்குக்குள்ளேயே உள்ள மேஜர் பிரிவிலும் அதற்குக் கீழேயும், அதாவது பேஸ்களுக்கு நடுவே 60 அடி, பந்து வீசும் பிட்சரிடமிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி உள்ள சின்ன மைதானத்தில், பிட்சர் பந்தோடு தன் பிட்சர் பிளேட்டை மிதித்து நின்று, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரும் தயாராக இருந்தால், வீசிய பந்து பேட்டரை எட்டும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. பெரியவர்கள் ஆட்டத்தில் பார்க்கும் 'லீட்', அதாவது பந்து வீசும் முன்பே பேஸை விட்டுச் சில அடி தள்ளி நிற்பது, இங்கே கிடையாது.

விதி எளிது, பார்ப்பது கடினம். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அந்த 46 அடியைக் கடக்க அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த அரை நொடிக்குள் ரன்னரின் கால் எங்கே, பந்து எங்கே என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும். பல புது அம்பயர்கள் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. பந்து பேட்டரைத் தாண்டிச் சில அடி போன பிறகுதான் அந்தச் சத்தம் வரும். சத்தம் கேட்கும்போது கால் பேஸில் இல்லை என்பதால் மட்டும் அந்த ரன்னர் விதியை மீறியவர் ஆகிவிட மாட்டார்.

இதற்கு வழி, நிற்கும் இடத்தில் இருக்கிறது. சின்ன மைதானத்தில் பேஸ் அம்பயர் இன்ஃபீல்டுக்கு (பேஸ்களைச் சுற்றிய உள் பகுதிக்கு) வெளியே, பீல்டர்களுக்குப் பின்னால் நிற்பது இதற்காகத்தான். இரண்டாம் பேஸில் ரன்னர் இருந்தால், அவர் காலும் பிளேட்டும் ஏறக்குறைய ஒரே பார்வைக்கோட்டில் வருமாறு பின்னால் நில்லுங்கள். முதல் பேஸ் ரன்னருக்கும் அதே கணக்கு. கண்ணை ரன்னரின் காலில் வைத்துக்கொண்டு, பந்து பேட்டரை எட்டுவதைப் பார்வையின் ஓரத்தில் பிடிக்க வேண்டும். பேஸ்களுக்கு உள்ளே நின்றால் ரன்னரும் பேட்டரும் எதிரெதிர்த் திசைகளில் போய்விடுவார்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எதையும் பார்க்க முடியாது. இரண்டு அம்பயர்கள் மட்டும் இருக்கும் ஆட்டத்தில் எல்லா ரன்னரையும் கவனிக்க வழியில்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கண்ணால் உறுதியாகப் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'போயிருப்பான் போலிருக்கிறதே' என்பதற்கெல்லாம் கொடி விழக் கூடாது.

கொடி என்று சொன்னது நிஜக் கொடிதான். மீறலைப் பார்த்த அம்பயர் உடனே ஒரு அடையாளக் கொடியையோ கைக்குட்டையையோ கீழே போட வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. இங்கேதான் அடிக்கடி பிசகு நடக்கிறது. பதற்றத்தில் "டைம்!" என்று கத்திவிட்டால், அந்த ரன்னரை அவுட் ஆக்கும் வாய்ப்பைப் பீல்டிங் அணியிடமிருந்து பறித்தாயிற்று. கொடி போட்ட பிறகு ஆட்டம் இயல்பாக ஓட வேண்டும். ரன்னர் அவுட் ஆனால் அந்த அவுட் நிற்கும். ஓட்டம் எல்லாம் அடங்கிய பிறகு டைம் கேட்டு, கொடியை எடுத்துக்கொண்டு, எந்த ரன்னர், எந்த பேஸ் என்று இரண்டு மேனேஜர்களிடமும் சொல்லிவிட்டு ரன்னர்களை இடம் மாற்றுங்கள்.

மாற்றும் கணக்கில் புத்தகம் உண்மையிலேயே நன்றாக உழைத்திருக்கிறது. பேட்டர் பந்தை அடிக்கவில்லை, ரன்னர் அடுத்த பேஸை பத்திரமாகப் பிடித்துவிட்டார் என்றால், பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அவுட் கிடையாது. பேட்டர் அடித்துவிட்டால் கணக்கு கொஞ்சம் நீளும். அடியின் மதிப்பு என்ன, முதல் பேஸ் வரை போகும் சிங்கிளா, இரண்டாம் பேஸ் வரை போகும் டபுளா என்று, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் முடிவு செய்கிறார். பேட்டருக்கு அந்த மதிப்புக்கு மேல் ஒரு பேஸ்கூடக் கிடையாது. ரன்னர்கள் முன்பு நின்ற பேஸுக்கோ, அதற்கு மிக அருகில் காலியாக உள்ள பேஸுக்கோ போக வேண்டும்.

எண் வைத்துப் பார்ப்போம். முதல் பேஸ் ரன்னர் சீக்கிரம் கிளம்பினார், பேட்டர் சுத்தமான டபுள் அடித்தார், ரன்னர் ஹோம் வரை வந்துவிட்டார். ரன் இல்லை, பேட்டர் இரண்டாம் பேஸில், ரன்னர் மூன்றாம் பேஸில். இரண்டாம் பேஸ் ரன்னர் சீக்கிரம் கிளம்பினார், பேட்டர் சிங்கிள் அடித்தார் என்றால், ரன்னர் திரும்பவும் இரண்டாம் பேஸுக்கே. மூன்று பேஸும் நிரம்பியிருக்க, ஒருவர் சீக்கிரம் கிளம்பி, அடித்த பந்து இன்ஃபீல்டுக்குள்ளேயே நின்று, பேட்டர் முதல் பேஸைப் பத்திரமாக அடைந்தால், ஒவ்வொருவரும் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். மூன்றாம் பேஸில் இருந்த பிள்ளை மட்டும் ரன்னும் இல்லாமல் அவுட்டும் இல்லாமல் டக்அவுட்டுக்குப் போகும். முதல் தடவை கேட்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். நிற்க பேஸ் இல்லை, ரன் கொடுக்கவும் மனமில்லை என்பதால் வந்த ஏற்பாடு அது. மூன்றாம் பேஸ் வரை போகும் சுத்தமான ட்ரிபிளோ ஹோம் ரன்னோ அடித்துவிட்டால், யார் எப்போது கிளம்பியிருந்தாலும் எல்லா ரன்னும் கணக்கில் சேரும்.

ஒருவர் செய்த மீறல் மற்ற எல்லா ரன்னரையும் பாதிக்கும் என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள். ஒழுங்காகக் காத்திருந்த இன்னொரு ரன்னரும் சேர்ந்தே திரும்பி வர வேண்டும். அந்த இடத்தில் பெற்றோர் பக்கத்திலிருந்து நிச்சயம் சத்தம் வரும். விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

'சறுக்கியே ஆக வேண்டும்' என்ற பொய்

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோச்சுகள் அதிகம் கத்துவது இதைத்தான்: "அவன் ஸ்லைடு பண்ணவே இல்லை, அவுட் கொடுங்க!" அப்படி ஒரு விதியே கிடையாது. 7.08 சொல்வது வேறு: பீல்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டேக் செய்யக் காத்திருக்கும்போது, ரன்னர் சறுக்கவும் இல்லை, அவரைச் சுற்றிப் போக முயலவும் இல்லை என்றால் அவுட். இரண்டு நிபந்தனைகள் அங்கே இருக்கின்றன. பந்து கையில் இருக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். பந்தும் ரன்னரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. அப்போது நேரும் மோதல் இந்தப் பிரிவில் அவுட் ஆகாது. பந்து கையில் இருந்து, ரன்னர் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போக முயன்றிருந்தாலும், சறுக்காததற்காக அவுட் கிடையாது.

தீர்ப்பு சொல்லும்போது மனதில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதே வரிசையில்: பந்து யாரிடம்? வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று? ரன்னர் கடைசி மூன்று நான்கு அடியில் என்ன செய்தார்? தோளை இறக்கி நேராக மோதினால் அது வெளிப்படையாகத் தெரியும். நின்றபடியே டேக் வாங்கிக்கொண்டால் அது வெறும் டேக் அவுட். மீறல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, மேஜர் பிரிவிலும் கீழேயும் முன்னேறும்போது தலையை முன்னால் நீட்டி டைவ் அடித்தால் அவுட். திரும்பி வரும்போது அப்படிச் செய்யலாம். முதல் பேஸிலிருந்து கொஞ்சம் விலகிய பிள்ளை, கேட்சர் எறியும்போது திரும்பிப் பாய்ந்தால் அது சரியான ஆட்டம்; பழக்கதோஷத்தில் கை தூக்கிவிடாதீர்கள். இதில் புத்தகம் தெளிவாக இருந்தும், மைதானங்களில் இன்னும் தவறு நடக்கிறது.

வழியை மறிப்பதும், வழியில் நிற்பதும்

புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி அப்ஸ்ட்ரக்ஷன். பந்து கையில் இல்லாத பீல்டர் ரன்னரின் ஓட்டத்தைத் தடுத்தால் அது அப்ஸ்ட்ரக்ஷன். "பந்து இதோ வந்துகொண்டிருந்தது" என்ற சாக்கு லிட்டில் லீக்கில் செல்லாது. பெரியவர்கள் ஆட்டத்தில் அதற்கு ஓரளவு இடம் உண்டு, இங்கே இல்லை. பிளேட்டின் குறுக்கே முட்டியிட்டு உட்காரும் கேட்சருக்கு இது பொருந்தும். பந்து இல்லாமலேயே டேக் செய்வது போல பாவனை செய்வதும் அப்ஸ்ட்ரக்ஷன் என்று வரையறையிலேயே இருக்கிறது. அதை நம்பிச் சறுக்கிய பிள்ளைக்குக் கால் பிசகக்கூடும் என்பதால் இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

தொட்டால்தான் அப்ஸ்ட்ரக்ஷன் என்று நினைப்பவர்கள் நிறைய. தொட வேண்டிய அவசியமே இல்லை. ரன்னரின் காலடியைப் பாருங்கள். வேகம் குறைந்ததா? வளைந்து போனாரா? ஒரு அடியைச் சுருக்கிப் போட்டாரா? ஏதாவது ஒன்று நடந்தால் தடை உண்டு. ரன்னர் இருபது அடிக்கு அப்பால் இருக்கும்போது பீல்டர் வழியில் நின்றார், ரன்னர் எதையும் மாற்றிக்கொள்ளும் முன்பே பந்து கைக்கு வந்துவிட்டது என்றால் தடை இல்லை.

தண்டனையில் இரண்டு வகை. தடுக்கப்பட்ட ரன்னர் மேலேயே ஆட்டம் நடந்துகொண்டிருந்தால், உதாரணமாக இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஓடும்போது, உடனே டைம். அவர் கடைசியாகத் தொட்ட பேஸுக்கு அடுத்த பேஸ் அவருக்குக் கட்டாயம் கிடைக்கும். அவர்மேல் ஆட்டம் இல்லை என்றால், சுட்டிக் காட்டி "அப்ஸ்ட்ரக்ஷன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தை ஓட விட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, தடை இல்லாவிட்டால் அவர் எந்த பேஸை அடைந்திருப்பாரோ அதைக் கொடுக்க வேண்டும்.

அந்த 'அடைந்திருப்பாரோ' என்ற சொல்லில்தான் அம்பயரின் முழுத் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. அதை எப்படி எடை போடுவது என்று புத்தகம் சொல்லித் தருவதில்லை. அனுபவமுள்ளவர்கள் தடை நடந்த அந்த நொடியிலேயே மூன்று விஷயங்களை மனதில் பதித்துக்கொள்வார்கள்: ரன்னர் எங்கே, பந்து எங்கே, ரன்னரின் வேகம் எப்படி. பந்து இன்னும் வேலி ஓரமாக உருண்டுகொண்டிருக்க, வேகமான பிள்ளை முதல் பேஸைத் திரும்பும்போது முதல் பேஸ் பீல்டர் மேல் இடித்துத் தடுமாறினால், இரண்டாம் பேஸ் பெரும்பாலும் அவருக்கு உரியது. பந்து ஏற்கெனவே இரண்டாம் பேஸை நோக்கி எறியப்பட்டுவிட்டது என்றால் முதல் பேஸோடு சரி. ஆட்டம் முடிந்த பிறகு கடைசியில் என்ன நடந்தது என்பதை வைத்து முடிவு செய்தால் தீர்ப்பு கோணலாகும்.

எதிர்ப்பக்கத்தில் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது ரன்னர் பீல்டரைத் தடுப்பது. இதில் ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். அடித்த பந்தைப் பிடிக்க முயலும் பீல்டருக்கு வழி விடுவது ரன்னரின் கடமை; தெரியாமல் மோதினாலும் அவுட். எறிந்த பந்து என்றால், ரன்னர் வேண்டுமென்றே குறுக்கிட்டால்தான் அவுட். எறிந்த பந்து ரன்னரின் முதுகில் பட்டுத் திசை மாறிப் போனால் ஆட்டம் அப்படியே தொடரும். பந்தைத் தவறவிட்டுவிட்டு, அது உருண்டு போன பிறகும் வழியில் கிடக்கும் பீல்டருக்கு முதல் பாதுகாப்பு போய்விடுகிறது. அப்போது தடுப்பவர் அவர்தான்.

மூன்றடி விதியும் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது. பேஸிலிருந்து பேஸுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டது போல நினைத்துக்கொண்டு, ரன்னர் அகலமாக வளைந்து ஓடியதும் "பாதையை விட்டுப் போயிட்டான்!" என்பார்கள். டேக் செய்ய முயற்சி நடக்கும்வரை ரன்னர் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். முயற்சி தொடங்கும் நொடியில் ரன்னர் நிற்கும் இடத்திலிருந்து அவர் போக நினைக்கும் பேஸுக்கு நேர்க்கோடு; அதன் இருபுறமும் மூன்றடி. மைதானத்தில் டேப் வைத்து அளக்க முடியாது. பீல்டர் ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டியும் எட்டாத தூரத்துக்கு ரன்னர் விலகினால் கை தூக்கலாம் என்பது அம்பயர்கள் நடைமுறையில் வைத்திருக்கும் அளவு.

புத்தகம் சொல்லித் தராதது

முதல் பேஸில் நூலிழைத் தீர்ப்பு. ஒரு ஆட்டத்தில் அதிகம் வருவதும், அதிகம் கத்தப்படுவதும் இதுதான். புத்தகத்தில் இதற்கு ஒரு வரி: பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அவரோ பேஸோ டேக் செய்யப்பட்டால் அவுட். அந்த ஒரு வரியை நிறைவேற்றக் கண்ணும் காதும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும்.

எறிபவர் கையிலிருந்து பந்து கிளம்பியதும், எறி சரியான திசையில் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பார்வையைப் பேஸின்மேல் நிறுத்துங்கள். பீல்டரின் கால் பேஸில் இருக்கிறதா, ரன்னரின் கால் எப்போது படுகிறது என்பதைக் கண் பார்க்கட்டும். பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காது பிடிக்கட்டும். இதற்கு எறி வரும் பாதைக்குச் செங்குத்தான கோணத்தில், பேஸிலிருந்து 15 முதல் 18 அடி தள்ளி நிற்பது நல்லது. மிகவும் நெருங்கிவிட்டால் காலையும் கையுறையையும் ஒரே பார்வையில் அடக்க முடியாது. டேக் பிளேயில் இது தலைகீழ். அங்கே 10 அடி அளவுக்கு நெருங்கி, கையுறைக்கும் ரன்னரின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும் கோணத்தைப் பிடிக்க வேண்டும். பீல்டரின் முதுகு உங்கள் பக்கம் இருந்தால் எவ்வளவு நெருங்கினாலும் பயனில்லை. தூரமா கோணமா என்றால் கோணமே முக்கியம்.

பிறகு நேரம். பார்த்ததும் கை தூக்குவது புது அம்பயர்களின் பெரிய பலவீனம். "அவுட்!" என்று சொல்லி முடிக்கும்போது பந்து கையுறையிலிருந்து நழுவித் தரையில் கிடக்கும். சிறு பிள்ளைகள் ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். பந்தை முழுதாக வசப்படுத்தினாரா, தானாகக் கையுறையிலிருந்து எடுக்கிறாரா என்று பார்க்கும்வரை பொறுங்கள். அந்த ஒரு மூச்சு நேரம் தாமதம் யாருக்கும் கெடுதல் இல்லை. டேக்கிலும் அப்படித்தான்: டேக் பட்ட பிறகு பந்து கையில் இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் பீல்டரிடம் "பந்தைக் காட்டு" என்று கேட்டுவிட்டு, அதன்பின் தீர்ப்பு.

'சமமாக இருந்தால் ரன்னருக்கு' என்று பலரும் சொல்வார்கள். கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலனை பேட்ஸ்மேனுக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு அது இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும். இந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. முதல் பேஸுக்கு வரும் பேட்டரைப் பற்றிய வரி, அவர் தொடும் 'முன்' பேஸ் டேக் ஆக வேண்டும் என்கிறது. ஃபோர்ஸ் ஆன மற்ற ரன்னர்களைப் பற்றிய வரியோ, பீல்டர் டேக் செய்யும் முன் அடுத்த பேஸை 'அடையத் தவறினால்' அவுட் என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் முதல் பேஸில் சமம் சேஃப், இரண்டாம் பேஸில் சமம் அவுட். மைதானத்தில் இதெல்லாம் பயன்படாது. ஏதோ ஒன்று முந்தித்தான் வந்திருக்கும். எது என்று முடிவு செய்து தயங்காமல் சொல்வதே அம்பயரின் வேலை.

பல லீக்குகளில் முதல் பேஸ் இப்போது இரட்டையாக இருக்கிறது: உள்ளே வெள்ளை, கோட்டுக்கு வெளியே ஃபவுல் பக்கம் ஆரஞ்சு. முதல் பேஸில் ஆட்டம் நடக்கும்போது ரன்னர் ஆரஞ்சுக்கும் பீல்டர் வெள்ளைக்கும். மோதலைக் குறைக்க வந்த பொருள் இது. அம்பயருக்கும் இரண்டு கால்கள் தனித்தனியாகத் தெரிவதால் தீர்ப்பு எளிதாகிறது. அடித்த பந்து வெள்ளையில் பட்டால் ஃபேர் (எல்லைக்குள்), ஆரஞ்சில் பட்டால் ஃபவுல் (எல்லைக்கு வெளியே) என்பதை மறந்துவிட வேண்டாம். உங்கள் லீக்கில் இது இல்லை என்றால், வாங்கச் சொல்லி லீக் கமிட்டியிடம் கேளுங்கள். பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள பொருள் அதிகம் இல்லை.

உயரப் போன பந்தைப் பிடித்த பிறகு ரன்னர் கிளம்பும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பீல்டர் பந்தை முதன்முதலாகத் தொட்டதுமே ரன்னர் கிளம்பலாம். கச்சிதமாகப் பிடித்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பந்தைத் தட்டித் தட்டிப் பிடிக்கும் பிள்ளைகள் ஆட்டத்தில் இது அவசியம். பீல்டரும் ரன்னரின் காலும் ஒரே பார்வையில் விழும் இடத்துக்கு நகர்ந்துகொள்ளுங்கள். சீக்கிரம் கிளம்பியதைப் பார்த்தாலும் நீங்களாக எதுவும் சொல்லக் கூடாது. பீல்டிங் அணி அடுத்த பந்து வீசப்படும் முன் அப்பீல் செய்தால்தான் அவுட். 7.13-க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது: அங்கே அம்பயர் தானாகவே கொடி போடுகிறார், இங்கே கேட்டால்தான் தீர்ப்பு. பேஸை மிதிக்காமல் ஓடிய ரன்னர் விஷயமும் அப்பீல்தான்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது யார் எதைப் பார்ப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருந்து, சிங்கிள் அடித்து, அவர் மூன்றாம் பேஸுக்கு ஓடினால், மூன்றாம் பேஸ் பிளேட் அம்பயருடையது. அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டு அம்பயர்களும் ஒரே பேஸுக்கு ஓடுவார்கள், அல்லது யாருமே போக மாட்டார்கள். முதல் பேஸில் பீல்டரின் கால் பேஸிலிருந்து விலகியதா, கையுறை ரன்னரின் உடலில் பட்டதா என்ற இரண்டும் பிளேட் அம்பயரின் கோணத்தில்தான் நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கேட்கும் முறைக்கும் 9.02-இல் வரையறை இருக்கிறது. சேஃப், அவுட் போன்ற தீர்ப்புகள் அம்பயரின் கண்ணைப் பொறுத்தவை. அவற்றை யாரும் எதிர்த்துப் பேச இடமில்லை. விதியைத் தப்பாகப் பயன்படுத்தினார் என்றால் மட்டும் மேனேஜர் முறையிடலாம். தீர்ப்புச் சொன்ன அம்பயர் கேட்டால் ஒழிய மற்ற அம்பயர் தலையிடக் கூடாது. இதை மேனேஜர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும். "அவன் சேஃப்தான், நான் பார்த்தேன்" என்று வருபவருக்கு "நான் பார்த்தது அவுட்" என்ற ஒரே பதில் போதும். "7.13-படி ரன்னர் எங்கே போக வேண்டும்?" என்று கேட்பவருக்கு நின்று பொறுமையாக விளக்கம் கொடுங்கள், அவர் கேட்பது விதியை. இரண்டையும் ஒன்றாகக் கருதி விரட்டுகிற அம்பயரால் அடுத்த இன்னிங்ஸ் முழுக்க மைதானம் கொதித்துக்கொண்டிருக்கும். அம்பயராக நிற்பவர் பல இடங்களில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை என்பதையும் கோச்சுகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரியவர் அருகில் வந்து குரல் உயர்த்தினாலே அந்தப் பிள்ளையின் அடுத்த பத்துத் தீர்ப்புகளும் கெடும்.

குறை என்று எழுத வேண்டுமானால் மூன்றைச் சொல்லலாம். படங்கள் மிகக் குறைவு; அப்ஸ்ட்ரக்ஷனுக்கும் மூன்றடிக்கும் படம் போட்டிருந்தால் பாதிச் சண்டை தீரும். 7.13-இன் உதாரணங்களைப் போல மற்ற விதிகளுக்கும் உதாரணம் கொடுக்கவில்லை. நிற்கும் இடம், பார்க்கும் முறை இவற்றுக்கு மாவட்ட அளவில் சீசனுக்கு முன் நடக்கும் அம்பயர் பயிற்சி முகாமுக்குத்தான் போக வேண்டும். புத்தகத்தோடு அதையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

செயலியா, அச்சுப் புத்தகமா என்றால் இரண்டும் வேண்டும். படிக்க அச்சுப் புத்தகம், ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். தேட செயலி. ஆனால் வேறொரு சிறுவர் பேஸ்பால் அமைப்பான போனி லீக் ஆட்டத்துக்கு அம்பயராகப் போகும்போது இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே சின்ன வயதிலேயே ரன்னர் லீட் எடுக்கலாம், மைதான அளவும் வயதுப் பிரிவுக்கு ஏற்ப மாறும், 7.13-ஐ நினைத்துக் கொடி போட்டால் முதல் பந்திலேயே தப்பாகிவிடும். எந்த லீக்காக இருந்தாலும் உள்ளூர் விதிகள் ஒரு தாளில் இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு மேனேஜர்களையும் பிளேட்டருகே அழைத்து, அந்தத் தாளில் ரன்னர் பற்றிய வரிகளை உரக்கப் படித்துவிடுங்கள்.